ஜே-1 விசாவில் அமெரிக்கப் பள்ளிக்குப் போகும் ஆசிரியருக்கு: எந்தக் காகிதம், எப்போது, எவ்வளவு செலவு

அமெரிக்கப் பள்ளிகளுக்குப் பரிமாற்ற ஆசிரியராகப் போக ஜே-1 விசா என்று ஒரு வழி இருப்பது நம் ஊர் ஆசிரியர்கள் பலருக்கு இப்போது தெரியும். நேர்காணலில் எப்படிப் பேசுவது, வேலை எப்படி வாங்குவது என்று சொல்லித்தரவும் ஆள் இருக்கிறது. வேலை உறுதியான பிறகுதான் நாம் தனியாக நிற்கிறோம். எந்த அலுவலகத்தில் கேட்டாலும் அடுத்த அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். நான் அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படி எழுதியிருக்கிறேன். வரிசைதான் இதில் முக்கியம்; ஒரு காகிதம் வராமல் அடுத்த காகிதம் நகராது.

1. ஸ்பான்சர் யார், முதலாளி யார் என்று பிரித்துப் பாருங்கள்

உங்களுக்குச் சம்பளம் தருவது பள்ளியை நடத்தும் டிஸ்ட்ரிக்ட், அதாவது அந்த வட்டாரப் பள்ளி நிர்வாகம். விசாவுக்கான டிஎஸ்-2019 படிவத்தைத் தருவது ஸ்பான்சர். சில மாநிலங்களில் இரண்டும் ஒன்றாக இருக்கலாம், பெரும்பாலும் வேறு வேறுதான். நடுவே "ஏஜென்ட்" என்று மூன்றாவதாக ஒருவர் வந்தால் அங்கேயே நில்லுங்கள். ஸ்பான்சர் நிறுவனத்தின் பெயர் அமெரிக்க வெளியுறவுத் துறையின் ஜே-1 விசா இணையதளப் பட்டியலில், ஆசிரியர் பிரிவின் கீழ் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். இல்லையென்றால் எவ்வளவு நல்ல சம்பளம் சொன்னாலும் வேண்டாம்.

தகுதி விதிகள் சுருக்கமாக: அமெரிக்க இளங்கலைப் பட்டத்துக்கு இணையான படிப்பு, குறைந்தது இரண்டு ஆண்டு முழுநேர ஆசிரியர் அனுபவம், ஆங்கிலத்தில் பாடம் நடத்தும் திறன், போகப்போகும் மாநிலத்தின் ஆசிரியர் தகுதி. விண்ணப்பிக்கும்போது வேலையில் இருப்பது நல்லது. "எப்படியும் போகத்தானே போகிறோம்" என்று முன்கூட்டியே ராஜினாமா செய்துவிடாதீர்கள், வேலையில் இல்லாதவர்களுக்கு விதி கடுமையானது.

ஸ்பான்சரிடம் கட்டணப் பட்டியலை உருப்படி வாரியாக எழுத்தில் கேளுங்கள். எது உங்கள் செலவு, எதை டிஸ்ட்ரிக்ட் ஏற்கிறது, ஆண்டுதோறும் கட்ட வேண்டியது எது, நடுவில் வேலை போனால் திரும்பி வருவது எது. வாய்மொழியாகச் சொன்ன எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

2. சான்றிதழ்கள்: இங்கேதான் பாதி நேரம் போகும்

வேலை தேடத் தொடங்கும்போதே இதைத் தொடங்கிவிடுங்கள். விசா கிடைப்பதை விட இதற்குத்தான் அதிக நாள் பிடிக்கிறது.

முதலில் பட்ட மதிப்பீடு. வெஸ் போன்ற மதிப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் பட்டத்தை அமெரிக்கப் பட்டத்தோடு ஒப்பிட்டு அறிக்கை தரும். எந்த நிறுவனத்தின் அறிக்கையை உங்கள் மாநிலம் ஏற்கிறது என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நம்முடைய மூன்று ஆண்டு பி.ஏ., பி.எஸ்ஸி. மட்டும் தனியாக நின்றால் நான்கு ஆண்டு அமெரிக்கப் பட்டத்துக்கு இணையில்லை என்று வரலாம். அதனால் பி.எட்., முதுகலை எல்லாவற்றையும் சேர்த்தே மதிப்பீட்டுக்கு அனுப்புங்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரே பட்டத்தை அனுப்புவது பொய்ச் சிக்கனம்.

டிரான்ஸ்கிரிப்ட் எனப்படும் பாடவாரி மதிப்பெண் விவரத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாகவோ, முத்திரையிட்ட உறையிலோ அனுப்ப வேண்டும் என்பார்கள். 2008-இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தொடங்கிய பிறகு பி.எட். முடித்தவர்கள் அங்கே விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன் முடித்தவர்கள், பட்டம் தந்த பழைய பல்கலைக்கழகத்துக்கே போக வேண்டும். இளங்கலை ஒரு பல்கலை, பி.எட். இன்னொன்று, முதுகலை தொலைதூரக் கல்வி என்றால் மூன்று இடம், மூன்று வரிசை. ஒரே நேரத்தில் மூன்றுக்கும் விண்ணப்பியுங்கள். பெயர், தந்தை பெயர், இனிஷியல் மூன்றும் பாஸ்போர்ட்டில் உள்ளதுபோல் இருக்கிறதா பாருங்கள். நம் ஒற்றை எழுத்து இனிஷியல் பாஸ்போர்ட்டில் முழுப் பெயராக விரிந்திருக்கும், மதிப்பெண் பட்டியலில் விரிந்திருக்காது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எழுதி வைத்துக்கொண்டால் கடைசி நேரத்தில் ஓட வேண்டாம்.

அடுத்தது அனுபவச் சான்றிதழ். இதைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள், எனக்கு அது பொறுக்காது. அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சம்பளம் பேரம் பேசி வருவதில்லை. பட்டமும் அனுபவ ஆண்டும் பார்த்து அட்டவணைப்படி வருகிறது. அந்த அட்டவணை டிஸ்ட்ரிக்டின் இணையதளத்திலேயே இருக்கும். வெளிநாட்டு அனுபவத்தையும் பல டிஸ்ட்ரிக்டுகள் கணக்கில் எடுக்கின்றன, ஆனால் காகிதம் சரியாக இருந்தால்தான். "இவர் எங்கள் பள்ளியில் சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற நம் ஊர் வழக்கமான சான்றிதழால் காசு பிரயோஜனம் இல்லை. அதில் இவை இருக்க வேண்டும்:

- சேர்ந்த தேதி, விலகிய தேதி. நாள், மாதம், ஆண்டு மூன்றும்
- முழுநேரமா பகுதிநேரமா, வாரத்துக்கு எத்தனை மணி நேரம்
- எந்தப் பாடம், எந்த வகுப்புகள்
- பள்ளியின் அங்கீகார விவரம், தலைமையாசிரியர் கையொப்பம், முத்திரை, தொடர்பு மின்னஞ்சல்

பழைய பள்ளி மூடிவிட்டது, தாளாளர் மாறிவிட்டார் என்ற கதையெல்லாம் ஊரில் இருக்கும்போதே தீர்க்க வேண்டியவை. அங்கே போய் உட்கார்ந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கெஞ்சிப் பயனில்லை. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி ஆசிரியர்கள் துறையின் தடையின்மைச் சான்றுக்கும் விடுப்புக்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கான கோப்பு எப்போது நகரும் என்று யாராலும் சொல்ல முடியாது, சீக்கிரம் போடுங்கள். பாஸ்போர்ட் சேவை மூலம் போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ் 500 ரூபாய். டிஸ்ட்ரிக்டோ மாநிலமோ கேட்டால் மட்டும் வாங்குங்கள், பழையதாகிவிட்டால் மறுபடி கேட்பார்கள்.

3. விசா

டிஎஸ்-2019 இப்போது பெரும்பாலும் மின்னஞ்சலிலேயே வருகிறது. வந்ததும் பெயர், பிறந்த தேதி, பள்ளி முகவரி, தொடக்கத் தேதி பாருங்கள். பிறகு செவிஸ் (பரிமாற்ற வருகையாளர்களுக்கான அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) கட்டணம் 220 டாலர். நேர்காணலுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே ஐ-901 படிவத்தோடு கட்டி ரசீதை அச்செடுங்கள். விசா விண்ணப்பமான டிஎஸ்-160-ஐ இணையத்தில் நிரப்ப வேண்டும். விசா கட்டணம் 185 டாலர், அன்றைய தூதரக மாற்று விகிதப்படி ரூபாயில். கட்டணங்கள் மாறக்கூடியவை, கட்டும் நாளன்று அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

2025 ஜூன் முதல் ஜே விசா விண்ணப்பதாரர்கள் சமூக ஊடகக் கணக்குகளைப் பொதுவில் தெரியும்படி வைக்கச் சொல்கிறார்கள். டிஎஸ்-160-இல் கணக்குப் பெயர்களை மறைக்காமல் எழுதுங்கள்.

சென்னையில் கைரேகை ஒரு நாள் ஒரு இடத்தில், நேர்காணல் இன்னொரு நாள் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள தூதரகத்தில். மொபைல், பை எதையும் உள்ளே விடமாட்டார்கள். கூட வருகிறவரிடம் கொடுத்துவிட்டுக் காகிதக் கோப்பை மட்டும் எடுத்துப் போங்கள். கேள்விகள் எளிதானவை: எந்தப் பள்ளி, என்ன பாடம், எவ்வளவு சம்பளம், திரும்பி வந்து என்ன செய்வீர்கள். கடைசிக் கேள்விக்குப் பதில் யோசித்து வைத்திருங்கள், ஜே-1 என்பது திரும்பி வருவதற்கான விசா.

திட்டம் முடிந்ததும் இரண்டாண்டு சொந்த நாட்டில் வசித்த பிறகே வேறு சில விசாக்களுக்குப் போகலாம் என்ற விதி பற்றி நிறைய வதந்தி உண்டு. எந்த நாடுகளின் எந்தத் துறையினருக்கு இந்த விதி என்று சொல்லும் திறன் பட்டியல் ஒன்று உண்டு; 2024 டிசம்பரில் வந்த புதிய பட்டியலில் இந்தியா இல்லை. எனவே அந்தப் பட்டியல் காரணமாக விதி நம்மைப் பிடிக்காது. அரசு நிதி உதவியில் போகிறவர்களுக்கு விதி பொருந்தும். உங்களுக்கு எது என்பதை விசாத் தாளிலும் டிஎஸ்-2019-இலும் உள்ள குறிப்பைப் பார்த்து ஸ்பான்சரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

4. பணமும் பெட்டியும்

தெற்கு மாநிலங்கள் பலவற்றில் பள்ளி ஆகஸ்டிலேயே தொடங்குகிறது. ஆனால் முதல் சம்பளம் ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பர் கடைசியிலோதான் கைக்கு வரும். அதுவரை வீட்டு அட்வான்ஸ், முதல் மாத வாடகை, படுக்கை, போக்குவரத்து எல்லாம் உங்கள் கையிலிருந்து. தனியாகப் போகிறவர் 4,000 முதல் 6,000 டாலர் வரை ஏற்பாடு செய்துகொண்டு போவது நல்லது என்பது என் கணக்கு. கார் இதில் சேராது. கொஞ்சம் ரொக்கம், மீதி ஃபாரெக்ஸ் கார்டில். முதல் சம்பளத் தேதி எது, ஆண்டுச் சம்பளத்தைப் பத்து மாதமாகப் பிரிப்பார்களா பன்னிரண்டு மாதமாகவா என்று கிளம்பும் முன்பே, சம்பளம் போடும் பேரோல் பிரிவுக்கு எழுதிக் கேளுங்கள். பத்து மாதம் என்றால் ஜூன், ஜூலையில் வருமானம் இருக்காது.

இந்திய சிம்மை ரத்து செய்துவிடாதீர்கள். வங்கி ஓடிபி அதில்தான் வரும். ரோமிங் வசதியை இங்கேயே இயக்கி வையுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகும்போது சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்போருக்கான என்ஆர்ஓ கணக்காக மாற்ற வேண்டும், அதையும் நேரில் போய் முடித்துவிடுவது சுலபம்.

பெட்டியில் அரிசி வேண்டாம். கப்ரா வண்டுக்குப் பயந்து இந்திய அரிசியைப் பயணிகள் கொண்டுவருவதைத் தடுத்திருக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. எலுமிச்சை வகை மரங்களைத் தாக்கும் நோய் அதன் வழியாகப் பரவுமாம். மசாலாப் பொடி, காபித் தூள் போன்றவற்றை எடுத்துப் போகலாம், கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். நம் மிக்ஸி அங்கே ஓடாது, அங்கே மின்சாரம் 120 வோல்ட். 110 வோல்ட் மிக்ஸி வாங்கிப் போங்கள், அல்லது அங்கே இந்தியக் கடையில் வாங்குங்கள். குக்கர் தாராளமாக எடுத்துப் போகலாம்.

பல் வைத்தியத்தை ஊரிலேயே முடியுங்கள். மாற்றுக் கண்ணாடி ஒன்று, மூன்று மாத மருந்து, பொதுப்பெயரில் எழுதிய மருந்துச் சீட்டு, தடுப்பூசி அட்டை, இவை கைப்பையில்.

5. இறங்கிய முதல் இரண்டு வாரம்: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

டிஎஸ்-2019-இல் உள்ள தொடக்கத் தேதிக்கு 30 நாள் முன்னதாக நாட்டுக்குள் நுழையலாம், அதற்கு முன் முடியாது.

முதலில் ஐ-94, நீங்கள் நாட்டுக்குள் நுழைந்ததற்கான பதிவு. எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து எடுக்கலாம், கட்டணம் இல்லை. அதில் ஜே-1 என்றும், தங்கும் காலத்துக்கு "டி/எஸ்" (விசா நிலை நீடிக்கும் வரை) என்றும் இருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் உடனே திருத்தம் கேளுங்கள்; பின்னால் வரும் எல்லா அலுவலகமும் இந்தத் தாளைத்தான் பார்க்கும். இதே விவரத்தைக் காசு வாங்கிக்கொண்டு எடுத்துத் தரும் போலித் தளங்கள் தேடலில் முதலில் வரும், கவனம்.

இரண்டாவது, ஸ்பான்சருக்கு வந்துவிட்டேன் என்று தெரிவித்து முகவரி தர வேண்டும். அவர்கள் செவிஸில் உங்கள் பதிவைச் செயல்படுத்தினால்தான் மற்ற வேலைகள் ஓடும். தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் இது நடக்காவிட்டால் விசா நிலையே ரத்தாகும் அபாயம் உண்டு. பிறகு எப்போது வீடு மாறினாலும் பத்து நாளுக்குள் ஸ்பான்சருக்குச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, சம்பளத்துக்கும் வரிக்கும் தேவைப்படும் சோஷியல் செக்யூரிட்டி எண். நாட்டுக்குள் வந்து பத்து நாள் கழித்துப் போங்கள். இறங்கிய மறுநாளே ஆர்வமாகப் போனால் கணினியில் உங்கள் பெயர் இன்னும் வந்திருக்காது, திருப்பி அனுப்புவார்கள். பாஸ்போர்ட், டிஎஸ்-2019, ஐ-94 அச்சு, வேலை ஒப்பந்தம் நான்கின் அசலும் வேண்டும். கட்டணம் இல்லை. அட்டை தபாலில் வரும், ஆகவே நிலையான முகவரி கொடுங்கள். தற்காலிகமாக நண்பர் வீட்டில் இருந்தால் அவர் தபால் பெட்டியில் உங்கள் பெயரையும் ஒட்டச் சொல்லுங்கள். எண் வரும்வரை வேலை செய்யக் கூடாது, சம்பளம் தரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. விண்ணப்பித்ததற்கான ரசீதைப் பேரோலில் காட்டுங்கள்.

நான்காவது, வங்கிக் கணக்கு. எண் வருவதற்கு முன்பே பாஸ்போர்ட்டும் முகவரிச் சான்றும் வைத்துக் கணக்குத் திறக்கும் வங்கிகள் இருக்கின்றன. ஒரு கிளையில் முடியாது என்றால் அடுத்த கிளைக்குப் போங்கள், கிளைக்குக் கிளை பதில் மாறும். ஆசிரியர்களுக்கென்றே கிரெடிட் யூனியன்கள் (கூட்டுறவு வங்கி போன்றவை) பல ஊர்களில் உண்டு, சக ஆசிரியரிடம் கேட்டால் சொல்வார். அன்றாட வரவுசெலவுக்கான செக்கிங் அக்கவுண்ட்டுக்கு மாதக் கட்டணம் எவ்வளவு, சம்பளம் நேராக வந்தால் அது தள்ளுபடியா என்று கேளுங்கள். அதோடு ஒரு செக்யூர்டு கிரெடிட் கார்டும் வாங்கிவிடுங்கள். சில நூறு டாலரை வைப்பாக வைத்து, மாதாமாதம் கொஞ்சம் செலவு செய்து முழுதாகக் கட்டிவந்தால் கடன் வரலாறு உருவாகும். அங்கே அது இல்லாதவர் யாருக்கும் தெரியாத ஆள்.

6. வீடு

கடன் வரலாறு இல்லாத வெளிநாட்டவருக்கு வீடு கிடைப்பது சிரமம்தான். வாடகையைப் போல மூன்று மடங்கு வருமானம் காட்டச் சொல்வார்கள். ஒப்பந்தக் கடிதத்தைக் காட்டுங்கள், அதுவும் போதாதென்றால் கூடுதல் டெபாசிட் தரலாமா என்று கேளுங்கள். முன்பே அந்த டிஸ்ட்ரிக்டில் இருக்கும் பரிமாற்ற ஆசிரியர்களைத் தேடிப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. அவர்களுக்குத் தெரிந்த வீட்டுக்காரர் நம்மையும் நம்புவார்.

நேரில் பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பாதீர்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை, சாவியைத் தபாலில் அனுப்புகிறேன் என்றால் அது மோசடி, யோசிக்கவே வேண்டாம்.

லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், மூன்று விஷயம் பாருங்கள்: நடுவில் காலி செய்தால் எவ்வளவு கட்ட வேண்டும், தண்ணீர், குப்பை, மின்சாரம் யார் பொறுப்பு, எத்தனை நாள் முன்னதாக நோட்டீஸ் தர வேண்டும். சாவி வாங்கிய அன்றே சுவர், கார்ப்பெட், அடுப்பு எல்லாவற்றையும் படமெடுத்து மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். டெபாசிட் திரும்ப வருவது அந்தப் படங்களால்தான்.

பல அபார்ட்மென்ட்களில் படுக்கையறையிலும் ஹாலிலும் கூரையில் விளக்கே இருக்காது. முதல் நாள் இரவு இருட்டில் உட்காராமலிருக்க ஒரு நிற்கும் விளக்கு வாங்கிக்கொள்ளுங்கள். தாளிக்கும்போது புகை அலாரம் அலறும். அதைக் கழற்றிவைப்பது லீஸுக்கு எதிரானது. ஜன்னலைத் திறந்துவைத்துத் தாளியுங்கள், வேறு வழியில்லை.

7. வண்டி

பெருநகரமாக இல்லாவிட்டால் கார் இல்லாமல் காலம் தள்ள முடியாது. கிளம்பும் முன் ஆர்டிஓ-வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். ஆனால் அதை வைத்து எவ்வளவு நாள் ஓட்டலாம் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. அந்த மாநில உரிமத்துக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் உண்டு. கையேடு இலவசம், இணையத்தில் இருக்கும்.

பழைய கார் வாங்கும்போது வண்டி எண்ணை வைத்து விபத்து வரலாற்று அறிக்கை பாருங்கள், விற்பவருக்குத் தெரிந்தவர் அல்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அதற்குக் கொடுக்கும் நூறு, நூற்றைம்பது டாலர் வீண் இல்லை. டைட்டில் எனப்படும் உரிமைப் பத்திரம் விற்பவர் பெயரிலேயே இருக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு இன்சூரன்ஸ் கட்டணம் மிரட்டும். காரின் விலையோடு சேர்த்து அதையும் கணக்குப் போட்ட பிறகே வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

சாலையில் இரண்டு விஷயம் நமக்குப் பழக்கமில்லாதவை. மஞ்சள் நிறப் பள்ளிப் பேருந்து சிவப்பு விளக்கு மின்ன நிறுத்தப் பலகையை நீட்டினால், நடுவே தடுப்பு இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டியும் நிற்க வேண்டும். போலீஸ் நிறுத்தினால் நம் ஊர்போல இறங்கி ஓடிப்போய்ப் பேசக் கூடாது. வண்டிக்குள்ளேயே, இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியும்படி உட்கார்ந்திருங்கள்.

8. காப்பீடு

ஜே-1 விதிப்படி ஒரு நோய்க்கோ விபத்துக்கோ குறைந்தது 1,00,000 டாலர் காப்பீடு வேண்டும். நாம் கையிலிருந்து கட்டும் டிடக்டபிள் 500 டாலரைத் தாண்டக் கூடாது. அவசர நிலையில் ஊருக்குக் கொண்டுபோக 50,000 டாலரும், இறந்தால் உடலை அனுப்ப 25,000 டாலரும் அதில் அடங்க வேண்டும். டிஸ்ட்ரிக்ட் தரும் காப்பீடு நல்லதாக இருந்தாலும் அதன் டிடக்டபிள் 500-க்கு மேல் இருக்கலாம், ஊருக்கு அனுப்பும் செலவு அதில் இல்லாமல் போகலாம். அந்த ஓட்டையை ஸ்பான்சரின் துணைக் காப்பீட்டால் அடைக்க வேண்டும். கணவன், மனைவி, குழந்தைகளுக்கும் இதே விதிதான். குடும்பத்தைச் சேர்த்தால் மாதப் பிடித்தம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கூட்டிப்போவதா, பிறகு வரச்சொல்வதா என்று முடிவெடுங்கள். டிஸ்ட்ரிக்ட் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்றும் கேளுங்கள். இடையில் உள்ள வாரங்கள் காலியாக இருக்கக் கூடாது.

பள்ளியில் சேர காசநோய்ப் பரிசோதனை கேட்கலாம். நாமெல்லாம் குழந்தையில் பிசிஜி போட்டவர்கள், தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை நமக்குப் பாசிட்டிவ் காட்டலாம். எடுத்த எடுப்பிலேயே இக்ரா ரத்தப் பரிசோதனை கேளுங்கள், பிசிஜி அதைப் பாதிக்காது. இல்லையென்றால் எக்ஸ்-ரே, மருத்துவர், கடிதம் என்று வகுப்பு தொடங்கும் வாரத்தில் அலைய வேண்டியிருக்கும்.

காய்ச்சல், சின்னக் காயத்துக்கு அர்ஜென்ட் கேர் போங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் எமர்ஜென்சி. அதன் பில் வேறு ரகம்.

9. பள்ளிக்குள்ளே

நம் பாட அறிவு அங்கே யாருக்கும் குறைவாகப் படாது. நம்மைத் திணறடிப்பது வகுப்பைக் கட்டுக்குள் வைப்பது. உள்ளே நுழைந்தால் எழுந்து நிற்கும் பிள்ளைகள் இல்லை. நாம் வகுப்புக்குப் போவதும் இல்லை. நமக்கென்று ஒரு அறை, மணி அடித்தால் மாணவர்கள் நம்மிடம் வருவார்கள். குரலை உயர்த்தினால் நம் ஊரில் அடங்கும் வகுப்பு, அங்கே சிரிக்கும். என் கருத்து: முதல் இரண்டு வாரம் பாடத்தை மறந்துவிடுங்கள். எப்படி உள்ளே வருவது, நோட்டை எங்கே வைப்பது, கழிவறைக்குப் போக எப்படிக் கேட்பது, வேலை முடிந்தவர் என்ன செய்வது, இதை மட்டும் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள். சுவரில் எழுதி ஒட்டுங்கள். தப்பு செய்தால் என்ன நடக்கும் என்று முன்பே சொல்லி, ஒவ்வொரு முறையும் அதையே அமைதியாகச் செய்யுங்கள். இந்த இரண்டு வாரத்தை மிச்சம் பிடித்துப் பாடம் நடத்தியவர்கள் ஜனவரியிலும் கத்திக்கொண்டிருப்பார்கள்.

இவற்றில் தவறினால் மன்னிப்பு கிடைப்பது கடினம்: மாணவரை அடிப்பது மட்டுமல்ல, செல்லமாகக் காதைத் திருகுவதும் கூடாது. கதவு மூடிய அறையில் ஒரு மாணவரோடு தனியாக இருக்க வேண்டாம். மதிப்பெண்ணை எல்லோர் முன்னும் படிக்கக் கூடாது. பிள்ளைகளின் படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடக் கூடாது. பிள்ளை வீட்டில் துன்புறுத்தப்படுவதாகச் சந்தேகம் வந்தால் புகார் செய்வது ஆசிரியரின் சட்டக் கடமை. யாரிடம், எப்படி என்று முதல் வாரமே கேட்டு வையுங்கள். ஐஇபி என்று ஒரு கோப்பு, சிறப்புக் கல்வித் தேவையுள்ள சில மாணவர்களுக்கு இருக்கும். தேர்வில் கூடுதல் நேரம், முன் வரிசை என்று அதில் எழுதியிருப்பது சட்டப்படி கட்டாயம், நம் விருப்பம் அல்ல.

திடீரென்று உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் மாற்று ஆசிரியர் வருவார், அவருக்குப் பாடத்திட்டத்தை எழுதிவைப்பது உங்கள் பொறுப்பு. மூன்று நாளுக்கான வேலைத்தாள்களை ஒரு ஃபைலில் போட்டு மேஜையில் வைத்துவிடுங்கள். அப்புறம், பள்ளி அலுவலகச் செயலரிடமும் துப்புரவுப் பணியாளரிடமும் நல்ல பெயர் எடுங்கள். தலைமையாசிரியரால் தீராதது அவர்களால் தீரும்.

ஆண்டுதோறும் இரண்டு வகைப் பண்பாட்டுச் செயல்பாடு செய்து ஸ்பான்சருக்கு அறிக்கை தர வேண்டும். ஒன்று நம் நாட்டைப் பற்றிப் பள்ளியிலோ ஊரிலோ ஒரு நிகழ்ச்சி. இன்னொன்று வேறு நாட்டு மாணவர்களோடு, முடிந்தால் நம் பழைய பள்ளியோடு, உரையாடல். கிழக்கு மாநிலங்களில் காலை எட்டரை என்றால் நமக்குக் கோடையில் மாலை ஆறு, குளிர்காலத்தில் ஏழு. நேரலைக்கு ஊர்ப் பிள்ளைகளை மாலையில் பள்ளிக்கு வரவழைக்க வேண்டும், அது எல்லா இடத்திலும் நடக்காது. இரண்டு பக்கமும் கேள்வி கேட்டு வீடியோ பதிவு செய்து பரிமாறிக்கொள்வது சுலபம். மே மாதம் வரை தள்ளிப்போடாதீர்கள், அங்கே தேர்வு நேரம், இங்கே கோடை விடுமுறை.

கடைசியாக, டியூஷன். கணக்கு வாத்தியார் என்று தெரிந்தால் அங்கிருக்கும் நம் குடும்பங்கள் நிச்சயம் கேட்கும். ஜே-1-இல் ஸ்பான்சர் அனுமதியில்லாத சம்பள வேலை எதுவும் கூடாது. டியூஷன், டாக்ஸி ஓட்டுவது, உணவு டெலிவரி எல்லாம் இதில் அடங்கும். விசா நிலையே போய்விடும். வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் காசு வாங்காமல் சொல்லிக்கொடுக்கலாம், அதையும் ஸ்பான்சருக்கு ஒரு வரி எழுதிவிட்டுச் செய்யுங்கள். ஜே-2-இல் வரும் கணவன் அல்லது மனைவி ஐ-765 போட்டு வேலை அனுமதி வாங்கலாம், மாதக்கணக்கில் ஆகும்.

10. வரி

ஜே-1 ஆசிரியருக்கு முதல் இரண்டு நாட்காட்டி ஆண்டுகள் வரிக் கணக்கில் வெளிநாட்டவர் நிலை. 2025 ஆகஸ்டில் போனவருக்கு 2025, 2026 இரண்டும் அந்தக் கணக்கு. நான்கு மாதமே இருந்தாலும் 2025 முழு ஆண்டாகத்தான் எண்ணப்படும். இந்தக் காலத்தில் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் (ஓய்வூதிய, முதியோர் மருத்துவ நிதிகள்) பிடித்தம் மொத்தம் 7.65 சதவீதம் உங்கள் சம்பளத்தில் கூடாது. பேரோல் பிரிவுக்கு இது தெரியாமல் பிடித்துவிடுவது சகஜம், முதல் சம்பளச் சீட்டிலேயே பாருங்கள். பிடித்திருந்தால் முதலில் டிஸ்ட்ரிக்டிடம் திருப்பிக் கேளுங்கள். தராவிட்டால் வரித்துறைக்கு 843, 8316 படிவங்கள்.

தாக்கல் செய்ய வேண்டியது வெளிநாட்டவர் நிலைக்கான 1040-என்ஆர் வரிப் படிவம், கூடவே 8843 படிவம், ஏப்ரல் 15-க்குள். எல்லோரும் பயன்படுத்தும் மென்பொருள் பலவற்றில் 1040-என்ஆர் வராது. நிலையான கழிவு இந்தியர்களுக்கு உண்டு என்று நண்பர்கள் சொல்வார்கள். அது ஒப்பந்தப்படி மாணவர்களுக்கு, ஆசிரியருக்கு இல்லை. ஆசிரியர் சம்பளத்துக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 22-ஆம் பிரிவில் விலக்கு உண்டுதான், ஆனால் அது இரண்டாண்டைத் தாண்டாத வருகைக்கு என்று எழுதியிருக்கிறது. மூன்றாண்டு டிஎஸ்-2019 வைத்திருப்பவர் வரி நிபுணரைக் கேட்காமல் அதைக் கோர வேண்டாம், மொத்தமாகத் திரும்பக் கட்டச் சொன்னால் தாங்காது. மூன்றாம் ஆண்டில் நீங்கள் வரிக் கணக்கில் அந்த ஊர்க்காரர். இந்திய வட்டி வருமானமும் சேரும். இந்தியக் கணக்குகளின் மொத்த இருப்பு ஒருநாளாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் எனப்படும் வெளிநாட்டு வங்கிக் கணக்கு அறிக்கையும் தாக்கல் செய்ய வேண்டும்.

11. ஊரைத் தெரிந்துகொள்வது

வீட்டு முகவரிச் சான்று கையில் வந்ததும் முதலில் போக வேண்டிய இடம் பொது நூலகம். அட்டை இலவசம். புத்தகம் மட்டுமில்லை, அச்செடுக்கலாம், அருங்காட்சியக அனுமதிச் சீட்டு இரவல் தரும் நூலகங்கள் உண்டு, ஜே-2-இல் வந்தவருக்கு இலவச ஆங்கில வகுப்பு பல இடங்களில் நடக்கிறது. சின்ன ஊரில் மனிதர்களைச் சந்திக்க இதைவிட நல்ல இடம் நான் பார்க்கவில்லை.

இந்தியக் கடை ஐம்பது மைல் தள்ளி இருந்தால் கவலை வேண்டாம். மெக்சிகன் கடையில் கொத்தமல்லி, பச்சை மிளகாய், புளி, வாழைக்காய் எல்லாம் மலிவாகக் கிடைக்கும். ஆசியக் கடையின் உறைபனிப் பெட்டியில் முருங்கைக்காயும் துருவிய தேங்காயும் இருக்கும். இட்லி அரிசிக்கும் உளுந்துக்கும் மட்டும் மாதம் ஒருமுறை இந்தியக் கடைக்குப் போனால் போதும்.

மேஜை, நாற்காலி, பாத்திரத்துக்குச் சனிக்கிழமை காலை வீட்டு முற்றங்களில் நடக்கும் யார்டு சேல், குட்வில் போன்ற பழைய பொருள் கடைகள். மெத்தையும் சோபாவும் மட்டும் பழையது வாங்காதீர்கள், மூட்டைப்பூச்சி வந்தால் வீட்டுக்காரர் செலவை உங்கள் தலையில் கட்டுவார்.

உயர்நிலைப் பள்ளி என்றால் வெள்ளி இரவு அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு ஒருமுறையாவது போங்கள். விதி புரியாவிட்டால் பரவாயில்லை. களத்தில் உங்களைப் பார்த்த பையன் திங்கட்கிழமை வகுப்பில் வேறு ஆளாக இருப்பான். பெற்றோரும் அங்கேதான் இருப்பார்கள், அலுவலகத்தில் பேசுவதைவிட அங்கே நன்றாகப் பேசுவார்கள்.

12. நீட்டிப்பும் திரும்புவதும்

திட்டம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. அதற்கு மேல் ஓராண்டோ இரண்டாண்டோ நீட்டிக்க டிஸ்ட்ரிக்டும் ஸ்பான்சரும் சேர்ந்து வெளியுறவுத் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் ஆண்டின் முதல் பாதியிலேயே பேச்சைத் தொடங்குங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வருவதானால் டிஎஸ்-2019-இல் ஸ்பான்சரின் பயணக் கையொப்பம் காலாவதியாகாமல் இருக்கிறதா பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

திட்டம் முடிந்த பிறகு கிளம்ப 30 நாள் உண்டு, அதில் வேலை செய்யக் கூடாது. சம்பளத்தில் ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பிடித்தம் இருந்தால் அதைத் திரும்பப் பெறும் படிவத்தை ஓய்வூதிய அலுவலகத்தில் வாங்குங்கள். அமெரிக்க வங்கிக் கணக்கை உடனே மூட வேண்டாம், வீட்டு டெபாசிட்டும் திரும்பக் கிடைக்கும் வரிப் பணமும் அதில்தான் வரும். கடைசி ஆண்டின் டபிள்யூ-2 (ஆண்டுச் சம்பள, வரிப் பிடித்தச் சான்று) அடுத்த ஜனவரியில் வரும். பேரோலில் இந்திய முகவரியையும், பள்ளி மின்னஞ்சல் அல்லாத உங்கள் சொந்த மின்னஞ்சலையும் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.